சுவரில் ஒளிந்திருக்கும் நொடிகள்

2021 ஜூன் மாதக் கடைசியில் ரோம் நகரில் செட்டே கோலி நீச்சல் போட்டி நடந்தது. 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் சஜன் பிரகாஷ் சுவரைத் தொட்டபோது பலகை காட்டிய நேரம் 1:56.38. டோக்கியோ ஒலிம்பிக்கில் நேரடியாக இடம்பிடிக்கத் தேவையான ‘ஏ’ நேரம் 1:56.48. அதற்கு முன் எந்த இந்திய நீச்சல் வீரரும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. கேரளத்தில் பிறந்த சஜன் நீச்சல் பழகியது நெய்வேலியில். தடகள வீராங்கனையான அவருடைய அம்மாவுக்கு அங்கே பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் வேலை. அதே போட்டியில் பெங்களூரின் ஸ்ரீஹரி நடராஜ் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கை 53.77 நொடியில் முடித்தார். அவருக்குத் தேவைப்பட்டது 53.85.

இந்த நேரங்களைத் தூரமாக மாற்றிப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சஜனின் 0.10 நொடி அவர் போன வேகத்தில் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். ஸ்ரீஹரியின் 0.08 நொடி 15 சென்டிமீட்டர். இரண்டுமே ஒரு சாண்கூட இல்லை.

அந்தச் சாண் தூரத்தை எங்கே போய்த் தேடுவது? நீச்சல் குளத்துக் கரையில் நிற்கும் பெற்றோரிடம் கேட்டால் பதில் உடனே வரும்: இன்னும் வேகமாகக் கை போடணும், இன்னும் நாலு லேப் கூடுதலாக அடிக்கணும். கோச்சுகளிலும் பலர் இதையேதான் சொல்கிறார்கள். தண்ணீரின் கணக்கு வேறு.

தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதற்குள் ஓர் உடல் நகரும்போது எதிர்க்கிற தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அந்தத் தடையை வென்றுகொண்டே போகத் தேவைப்படும் ஆற்றலோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. நூறு மீட்டரை 60 நொடியில் நீந்துகிற ஒரு பதின்மூன்று வயதுப் பெண் 57 நொடிக்கு வர ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஐந்து சதவீதம்தான் கூட வேண்டும். அதற்கு அவளுடைய உடல் 17 சதவீதம் கூடுதல் ஆற்றலைக் கொடுத்தாக வேண்டும். அல்லது, ஆற்றலை அப்படியே வைத்துக்கொண்டு, தன்மேல் விழும் தடையில் ஏழில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் அதே 57 நொடிதான். தோராயமான கணக்குதான் இது. ஆனால் எந்தப் பக்கம் முதலில் கை வைக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. 17 சதவீதம் பலம் கூட மாதங்களும் வருடங்களும் ஆகும். தலையைத் தூக்கிக்கொண்டு நீந்தி, அதனால் இடுப்பு தாழ்ந்து, தண்ணீருக்கு எதிரே பெரிய முகப்பைக் காட்டிக்கொண்டு போகும் பிள்ளைக்கு, தடையைக் குறைப்பது சில வாரத்து வேலை.

தடையிலும் மூன்று வகை உண்டு. உடலின் வடிவத்தால் வருவது ஒன்று, தோலும் துணியும் தண்ணீரில் உரசுவதால் வருவது ஒன்று. மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: அலை. நீர்மட்டத்தில் நீந்துபவர் தனக்கு முன்னால் ஓர் அலையைக் கிளப்பி, அதைத் தள்ளிக்கொண்டே போகிறார். வேகம் கூடக் கூட அதற்கே ஆற்றலில் பெரும்பங்கு செலவாகிறது. அரை மீட்டருக்கும் சற்றுக் கீழே போய்விட்டால் இந்த அலைத்தடை ஏறக்குறைய மறைந்துவிடும்.

இதை முழுசாகப் பயன்படுத்தப் பார்த்தவர் டேவிட் பெர்க்காஃப், ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர். மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக்கில், சுவரை உதைத்துக் கிளம்பியதும் மேலே வராமல், கைகளைத் தலைக்கு மேல் கோத்து நீட்டி, இடுப்பிலிருந்து பாதம் வரை நெளித்து உதைக்கும் டால்ஃபின் கிக்கால் நீருக்குள்ளேயே 30 மீட்டருக்கும் மேல் போய்விடுவார். அரங்கில் இருப்பவர்களுக்கு ஏழு லேனில் கைகள் சுழல்வது தெரியும். ஒரு லேன் மட்டும் காலியாகக் கிடக்கும். பிறகு எல்லாருக்கும் முன்னால் ஒரு தலை எழும். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஹீட்டில் 54.51 நொடியில் உலக சாதனை படைத்தார். இறுதிப் போட்டியில் தங்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே வித்தையைத் தானும் பழகியிருந்த ஜப்பானின் டைச்சி சுசுகி 55.05 நொடியில் முந்தினார், பெர்க்காஃப் 55.18.

உலக நீச்சல் சம்மேளனம் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. பேக்ஸ்ட்ரோக்கில் நீருக்குள் போகும் தூரத்தை முதலில் 10 மீட்டராக வெட்டியது, பின்னர் 15 மீட்டர் ஆக்கியது. 1996 அட்லாண்டாவில் ரஷ்யாவின் டெனிஸ் பங்கராத்தவ் பட்டர்ஃப்ளையில் இதே வழியில் இரண்டு தங்கம் வென்ற பிறகு, 1998இல் அங்கும் 15 மீட்டர் விதி வந்தது. பழைய கதையும் ஒன்று உண்டு: 1956 மெல்பர்னில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா பெரும்பகுதியை நீருக்கு அடியிலேயே நீந்தி 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தங்கத்தை எடுத்துக்கொண்டு போனார், அதன் பிறகு பிரெஸ்ட்ஸ்ட்ரோக் விதியும் மாறியது. ஒரு வித்தையைத் தடைசெய்ய விதி எழுத வேண்டியிருக்கிறது என்றால், அது எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையை 15 மீட்டர் கோடு வரை உள்ளேயே போகச் சொல்வது அறிவுடைமை ஆகாது. டால்ஃபின் கிக்குக்கு வயிற்றுத் தசை வலுவாக இருக்க வேண்டும், கணுக்கால் நன்றாக வளைய வேண்டும். அவை இல்லாத பிள்ளை, நீருக்கு மேலே கை போடுவதைவிட மெதுவாகத்தான் உள்ளே நகரும். இதைத் தீர்த்துவைக்க ஒரு ஸ்டாப்வாட்ச் போதும். 15 மீட்டர் வரைக்குமான நேரத்தை, 6 மீட்டரில் மேலே வந்து ஒருமுறையும், 10 மீட்டரில் வந்து ஒருமுறையும் எடுத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு எது லாபம் என்று தெரிந்துவிடும். ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தால் விடை மாறியும் இருக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை, கட்டாயமானது. நீருக்குள் கூடுதல் தூரம் போவதற்காக, முன்கூட்டியே வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளிடையே பரவுவதுண்டு. ‘மூச்சு விடு’ என்று உடலை உந்துவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவல்ல. ரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. வேக மூச்சு அதை வெளியே தள்ளிவிடுகிறது, ஆக்சிஜனைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. எனவே உந்துதல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இப்படி இறந்துபோகிறார்கள். மூச்சடக்கும் போட்டி எந்தக் குளத்திலும் நடக்கக் கூடாது.

ஒரு பந்தயத்தில் உடல் மிக வேகமாக நகரும் தருணம் எது? கடைசிப் பாய்ச்சல் அல்ல, டைவ். பிளாக்கிலிருந்து தாவித் தண்ணீருக்குள் நுழையும்போது வேகம் நொடிக்கு 4 மீட்டரைத் தாண்டுகிறது. 2024 பாரிஸில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் 46.40 நொடி என்ற உலக சாதனையைப் படைத்தபோதுகூட, அவருடைய சராசரி வேகம் நொடிக்கு 2.2 மீட்டருக்குக் குறைவு. சுவரை உதைத்துக் கிளம்பும் முதல் கணமும் அப்படித்தான். நீந்தும் வேகத்தைவிட அது அதிகம். அதாவது டைவிலும் டர்னிலும் கிடைப்பது இனாம் வேகம். அந்த இனாமை எவ்வளவு மெதுவாக இழப்பது என்பதுதான் கேள்வி. ஒரு கைமேல் இன்னொரு கை, காதை ஒட்டிய புஜங்கள், இறுகிய வயிறு, ஒட்டிய கால்கள். கோச்சுகள் ‘ஸ்ட்ரீம்லைன்’ என்று ஓயாமல் கத்துவது இதைத்தான். நுழைந்த உடனே அவசரப்பட்டு உதைக்கத் தொடங்கினால் கால்களே பிரேக் ஆகிவிடும். ரொம்பப் பொறுத்தால் வேகம் செத்துவிடும். வழுக்கிப் போகும் வேகம் நீந்தும் வேகத்துக்கு அருகே இறங்கும் அந்த நேரத்தில் கிக் தொடங்க வேண்டும்.

டைவ் பழக ஆழமும் வேண்டும். சர்வதேச விதிப்படி பிளாக் இருக்கும் முனையில் தண்ணீர் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் இருந்தாக வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தலைகீழாகப் பாயச் சொல்லும் இடங்களில் பெற்றோர் சண்டை போட்டாலும் தப்பில்லை.

டர்ன் பற்றி ஒரு சின்னக் கூட்டல் போதும். 25 மீட்டர் குளத்தில் 200 மீட்டர் என்றால் ஏழு டர்ன். ஒவ்வொன்றிலும் 0.3 நொடி மிச்சம் பிடித்தால் மொத்தம் 2.1 நொடி. அந்த நேரத்தை வெறும் கைவீச்சில் சம்பாதிக்க எத்தனை மாதம் ஆகும் என்று எந்த கோச்சையும் கேட்டுப் பார்க்கலாம். அப்படியிருந்தும் பயிற்சியில் பாதிப் பிள்ளைகள் சுவருக்கு வந்ததும் ஒரு கையால் பிடித்து, மூச்சு வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, சோம்பலாகத் திரும்புகிறார்கள். தினம் நூறு முறை அப்படித் திரும்பிப் பழகிய உடல், போட்டி நாளில் மட்டும் வேறுவிதமாகத் திரும்பப்போவதில்லை. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃப்ளையிலும் இரு கையும் ஒருசேரச் சுவரைத் தொடாவிட்டால் தகுதிநீக்கம் வேறு. குளத்தின் இரு முனையிலும் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேல் தொங்கும் கொடிகள் அழகுக்கு அல்ல. மல்லாந்து வருபவர் கொடியைக் கண்டதிலிருந்து சுவருக்கு எத்தனை கை என்று எண்ணி வைத்திருக்க வேண்டும். உயரம் கூடும் வயதில் அந்த எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், அவ்வப்போது திரும்ப எண்ணிக்கொள்வது நல்லது.

கடைசித் தொடுகைக்கு 2008 பெய்ஜிங்கை மிஞ்சிய பாடம் இல்லை. 100 மீட்டர் பட்டர்ஃப்ளை இறுதியில் செர்பியாவின் மிலோராத் சாவிச் முன்னால் போய்க்கொண்டிருந்தார். சுவர் நெருங்கியதும் கைகளை நீட்டி வழுக்கிப் போய்த் தொட முடிவெடுத்தார். பக்கத்தில் வந்த மைக்கேல் ஃபெல்ப்ஸ் இன்னும் ஓர் அரைக் கை கூடுதலாகப் போட்டு, சுவரை அடித்தார். ஃபெல்ப்ஸ் 50.58, சாவிச் 50.59. வழுக்கும் உடல் ஒவ்வொரு கணமும் வேகத்தை இழக்கிறது. கை போடும் உடல் இழப்பதில்லை.

நொடியில் நூறில் ஒரு பங்குக்குக் கீழே நீச்சலில் ஏன் அளப்பதில்லை என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1972 மியூனிக்கில் 400 மீட்டர் மெட்லியில் சுவீடனின் குன்னர் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் ஒரே 4:31.98. ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்த்து, 0.002 நொடி வித்தியாசத்தில் லார்சனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். தூரமாகப் பார்த்தால் 3 மில்லிமீட்டர். எந்தக் கொத்தனாரும் எட்டு லேனையும் அவ்வளவு துல்லியமாகக் கட்ட முடியாது என்று பிறகுதான் உறைத்தது. அதிலிருந்து நூற்றுக்கூறு வரை நேரம் ஒத்துப்போனால் இருவருக்கும் ஒரே பதக்கம். 2016 ரியோவில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கத்தை 52.70 நொடியில் சிமோன் மானுவலும், அப்போது 16 வயதே ஆன பென்னி ஒலெக்சியாக்கும் பகிர்ந்துகொண்டது இப்படித்தான்.

சுவர்களுக்கு நடுவே இருக்கும் நீச்சலுக்கு வருவோம். வேகம் என்பது ஒரு கைக்கு எவ்வளவு தூரம் போகிறோம், நிமிடத்துக்கு எத்தனை கை போடுகிறோம் என்ற இரண்டின் பெருக்கல். களைத்துப்போகும் பிள்ளை முதலில் இழப்பது தூரத்தை. அதை ஈடுகட்டக் கையை இன்னும் வேகமாகச் சுழற்றும். தண்ணீர் பிடிபடாமல் நழுவும். பார்ப்பவர்களுக்கு மட்டும் வேகமாகப் போவதுபோல் தெரியும். ஒரு நீளத்துக்கு ஆன நொடியையும் போட்ட கைகளின் எண்ணிக்கையையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் குறைக்கச் சொல்லும் பயிற்சி பல நாடுகளில் வழக்கம். இரண்டில் ஒன்றை ஏமாற்றினால் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். எண்ணும் பழக்கத்துக்கு வேறொரு பயனும் உண்டு. அதே பெய்ஜிங்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளையின்போது ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து, கடைசிப் பகுதியில் சுவரே கண்ணுக்குத் தெரியவில்லை. கைகளை எண்ணிக்கொண்டே போய்த் தொட்டார். 1:52.03, உலக சாதனை.

வேகப் பங்கீட்டில் பிள்ளைகள் செய்யும் தவறு எல்லா ஊரிலும் ஒன்றே: 200 மீட்டரின் முதல் ஐம்பதை அது மட்டுமே பந்தயம் என்பதுபோல அடிப்பது. மும்மடிக் கணக்கு இங்கேயும் வந்து நிற்கும். ஆரம்பத்தில் மிச்சம் பிடித்த ஒரு நொடிக்குக் கடைசியில் இரண்டு மூன்று நொடி வட்டி கட்ட வேண்டியிருக்கும். டோக்கியோவில் 1500 மீட்டரில் அமெரிக்காவின் பாபி ஃபிங்க் முன்னணிக்காரர்களைப் பிடிக்கும் தூரத்திலேயே பொறுமையாக வைத்திருந்து, கடைசி 50 மீட்டரை 25.78 நொடியில் முடித்துத் தங்கம் வென்றார்.

சரி, எவ்வளவு நீந்த வேண்டும்? இதில் கோச்சுகளிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. நாளொன்றுக்கு 5,000 மீட்டர் நீந்தும் பிள்ளை, 25 மீட்டருக்கு 18 கை போட்டால், அன்று 3,600 முறை தோள்பட்டையைச் சுழற்றுகிறது. நீச்சல்காரர்களுக்குத் தோள்வலி ஏன் பொதுவான புகாராக இருக்கிறது என்று விளங்க வேறு விளக்கம் தேவையில்லை. இதற்கு நேர்மாறான பள்ளி, குறைந்த தூரத்தைப் பந்தய வேகத்திலேயே துண்டுதுண்டாக, சிறு ஓய்வுகளோடு நீந்தச் சொல்கிறது. அமெரிக்காவின் மைக்கேல் ஆண்ட்ரூ தன் தந்தையிடம் அந்த முறையில் பழகியவர். 14 வயதிலேயே தொழில்முறை வீரராகி அத்தனை பேரையும் வாய்பிளக்க வைத்தார். டோக்கியோவில் மெட்லி தொடர் நீச்சலில் தங்கம் கிடைத்தது. ஆனால் 200 மீட்டர் தனிநபர் மெட்லி இறுதியில் 150 மீட்டர் வரை முன்னால் இருந்தவர், கடைசி ஐம்பதில் சரிந்து ஐந்தாவதாகத்தான் வந்தார். இரு தரப்பும் அந்தப் பந்தயத்தைத் தத்தம் கட்சிக்குச் சாட்சியாகக் காட்டலாம். வளரும் பிள்ளைகளைப் பொறுத்தவரை, நுட்பம் கலைந்துபோன பிறகு நீந்தும் மீட்டர்கள் தவறான நீச்சலைத்தான் மனப்பாடம் செய்விக்கின்றன. தூரத்தை முடிவுசெய்ய அதுவே நல்ல அளவுகோல் என்று தோன்றுகிறது.

இத்தனைக்கும் மேல், இளையோர் நீச்சலில் மிகப் பெரிய வேகம் தருவது கோச்சும் அல்ல, பயிற்சியும் அல்ல: வளர்ச்சி. பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். கை நீளமாகிறது, உள்ளங்கையும் பாதமும் பெரிதாகின்றன, எதுவுமே புதிதாகக் கற்காமல் ஒரு கைக்குப் போகும் தூரம் கூடுகிறது. ஒரே வயதுப் பிரிவில் பிளாக் மேல் நிற்கும் இரண்டு பதின்மூன்று வயதுப் பையன்களில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும். இன்னொருவனுக்கு வளர்ச்சி தொடங்கியே இருக்காது. உடலளவில் அவர்களுக்கு இடையே இரண்டு மூன்று வருடம் இருக்கலாம். பதக்கம் வாங்கியவனைத் திறமைசாலி என்றும் மற்றவனைச் சுமார் என்றும் எழுதிவைப்பது, பிறந்த மாதத்துக்கும் ஹார்மோனுக்கும் பதக்கம் கொடுப்பதுதான்.

பெண் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். பருவமடையும் காலத்தில் உடல்வாகு மாறும்போது சிலருக்கு ஒன்றிரண்டு வருடம் நேரம் அசையாமல் நின்றுவிடும், பின்னோக்கியும் போகலாம். இதைச் சோம்பலாகப் படித்து, சோற்றைக் குறைக்கச் சொல்லும் கோச்சுகள் இருக்கிறார்கள். இளையோர் நீச்சலில் இதைவிடப் பெரிய கேடு இல்லை. எலும்பு அடர்த்தி சேரும் வயதில் பட்டினி போடுவது வேகத்தையும் தராது, ஆரோக்கியத்தையும் விட்டுவைக்காது.

விதிவிலக்குகள் நம் கண்ணைக் கூசவைக்கின்றன. கேட்டி லெடெக்கி 2012 லண்டனில் 800 மீட்டர் தங்கம் வென்றபோது வயது 15. சீனாவின் யூ ஸிதி 2025இல் சிங்கப்பூர் உலகப் போட்டியில் 12 வயதில் 200 மீட்டர் மெட்லி இறுதியில் நான்காவதாக வந்தார். ஆனால் 1984 லாஸ் ஏஞ்சலஸில் மூன்று தங்கம் வென்ற ரவுடி கெய்ன்ஸ், போட்டி நீச்சலுக்கே 17 வயதில்தான் வந்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

போட்டி நெருங்கும்போது செய்ய வேண்டியது, பெரும்பாலான வீடுகளில் நடப்பதற்கு நேர் எதிர். கடைசி வாரம் கூடுதல் பயிற்சி அல்ல, குறைவான பயிற்சி. வேகத்தைக் குறைக்காமல் தூரத்தை மட்டும் படிப்படியாகப் பாதி அளவுக்கு இறக்குவதை ‘டேப்பர்’ என்கிறார்கள். ஆய்வாளர் இனிகோ முஹிகாவும் அவருடைய சகாக்களும் 2000 சிட்னி ஒலிம்பிக் நீச்சல் வீரர்களை, போட்டிக்கு மூன்று வாரம் முன்னிருந்து தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஒப்பிட்ட 99 நீச்சல்களில் 91இல் நேரம் குறைந்தது. சராசரி முன்னேற்றம் ஏறக்குறைய 2.2 சதவீதம், ஒரு நிமிடப் பந்தயத்தில் அது 1.3 நொடி. பிள்ளைகளுக்கு மூன்று வாரம் தேவையில்லை, சில நாள் ஓய்வும் நல்ல தூக்கமும் போதும். விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்தில் நிற்க வேண்டிய பிள்ளை இரவு பதினொன்று வரை டியூஷன் பாடம் எழுதினால், எந்த டேப்பரும் கைகொடுக்காது.

பணம் கொடுத்து நொடியை வாங்க முடியுமா? ஒருகாலத்தில் முடிந்தது. 2008இல் வந்த எல்இசட்ஆர் ரேஸர் நீச்சலுடையும் அடுத்த வருடம் வந்த பாலியூரித்தேன் உடைகளும் உடலை இறுக்கி, மிதப்பைக் கூட்டி, 2009 ரோம் உலகப் போட்டியில் மட்டும் 43 உலக சாதனைகளைக் கொட்டின. அங்கே ஜெர்மனியின் பால் பீடர்மான் 200 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் ஃபெல்ப்ஸைத் தோற்கடித்து எடுத்த 1:42.00 இத்தனை ஆண்டுகள் கழித்தும் நிற்கிறது. 2010 ஜனவரி முதல் துணியாலான உடைகளுக்கு மட்டுமே அனுமதி. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை, பெண்களுக்குத் தோளிலிருந்து முழங்கால் வரை. இன்றைய விலையுயர்ந்த உடைகளும் ஓரளவு பயன் தருபவைதான், ஆனால் சில போட்டிகளிலேயே இறுக்கம் தளர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகளின் பெற்றோரும் இந்த உடைகளுக்குப் பணத்தைக் கொட்டத் தொடங்கியதும், அமெரிக்க நீச்சல் சங்கம் 2020 செப்டம்பரிலிருந்து 12 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டிகளில் அவற்றைத் தடைசெய்துவிட்டது. பந்தயத்துக்கு அரைமணி முன்பு உடைமாற்றும் அறையில், ஒரு பத்து வயதுப் பெண்ணை இரண்டு அளவு சிறிய உடைக்குள் திணிக்கப் போராடும் அம்மாக்களுக்கும் அதில் ஒரு விடுதலை கிடைத்தது.